யுனிவர்சல் போய்விட்டார், சரி. முதல் பாஸை யார் எடுப்பது? வரும் சீசனில் நம் கல்லூரிப் பெண்கள் வாலிபால் அணி

பழைய லிபரோ

சென்ற சீசனின் கடைசி ஆட்டம் முடிந்த நாளிலிருந்து பழைய மாணவியர் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அணியின் முதன்மை அடிக்காரரான யுனிவர்சல் படிப்பை முடித்துவிட்டார், இனி யார் அடிப்பது? அவரோடு, வலை நடுவில் நின்று எதிரணியின் அடியைத் தடுக்கும் மூத்த பிளாக்கரும் போய்விட்டார். உயரமான இரண்டு பேர் ஒரே ஆண்டில் வெளியேறினால் கவலை வருவது இயல்புதான். ஆனால் நாம் தவறான இடத்தைப் பார்த்துக் கவலைப்படுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. பார்க்க வேண்டியது முதல் பாஸை, அதாவது எதிரணியின் சர்வீஸை எடுத்து, அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டருக்கு அனுப்பும் தொடுகையை.

அந்தக் கடைசி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஐந்தாவது செட்டில் எட்டுப் புள்ளிகளில் பக்கம் மாறியபோது நாம்தான் முன்னிலையில் இருந்தோம். பிறகு எதிரணியில் ஒரு பெண் சர்வீஸ் கோட்டுக்குப் போனார். ஓங்கி அடிக்கவில்லை. உள்ளங்கையால் தட்டிய, பந்து சுழலாமல் வரும் சாதாரண புளோட் சர்வீஸ்தான். முதல் பந்து நம் ஆளின் முழங்கையில் பட்டு வெளியே போனது. இரண்டாவது இரண்டு பேருக்கு நடுவே விழுந்தது. மூன்றாவதை எடுத்தோம், ஆனால் அது மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது. செட்டர் ஓடிப் போய்ப் பந்தை உயரத் தூக்கிப் போட, யுனிவர்சலுக்கு எதிரே இரண்டு பிளாக் வந்து நின்றது. அவர் அடித்தது வலைக்கு இந்தப் பக்கமே திரும்பி விழுந்தது. மைதானத்தை விட்டு வரும்போது பக்கத்தில் இருந்த ஒருவர், "கடைசியில் அவளே அடிக்கத் தவறிவிட்டாள்" என்றார். எனக்கு நெஞ்சு எரிந்தது. தவறு அவரிடம் வருவதற்கு இரண்டு தொடுகை முன்பே நடந்துவிட்டது.

இப்போது நம்மிடம் இருப்பவர்கள்: இரண்டாம் ஆண்டு செட்டர், சென்ற முறை ஆடிய இடப்பக்க அட்டாக்கர்கள் இருவர், பின்வரிசையில் மட்டும் நின்று பந்தெடுக்கும் லிபரோ, இளைய பிளாக்கர். இவர்களோடு புதிதாக நான்கு முதலாண்டு மாணவியர் வந்திருக்கிறார்கள், அதில் ஒருவர் நல்ல உயரம். யுனிவர்சல் இடத்துக்கு, சென்ற ஆண்டு மாற்று ஆட்டக்காரராக இருந்த மூன்றாம் ஆண்டு மாணவி வருவார்.

என் கணிப்பு இதுதான். தொடக்க ஆட்டங்களில் அடி வாங்குவோம், அரையிறுதிக்கு வருவோம். அதற்கு மேல் போவதும் போகாததும் சர்வீஸை எடுக்கும் மூன்று பேரின் கையில் இருக்கிறது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

வலையோரம்

அக்கா, நீங்கள் லிபரோவாக ஆடியவர். எல்லாத் தோல்வியும் முதல் பாஸில்தான் தொடங்குகிறது என்று உங்களுக்குத் தோன்றும். நான் அட்டாக்கராக ஆடியவள், என் பக்கத்தையும் கேளுங்கள்.

எந்த அணியும் எல்லாப் பந்தையும் சுத்தமாக எடுத்துவிடாது. பாஸ் கெட்டுப்போகும். செட்டர் பின்னால் ஓடுவார். அந்த நேரத்தில் வேறு வழியே இல்லாமல் ஓரத்தில் உயரமாகத் தூக்கிப் போடும் பந்தை அடித்துப் புள்ளியாக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் போய்விட்டார். சென்ற சீசனில் நம் பாஸ் எத்தனை முறை கெட்டது, அத்தனை முறையும் யார் நம்மைக் காப்பாற்றியது? பாஸ் கெட்டதை நாம் உணராமல் இருந்ததே அவர் அடித்துக் கொடுத்ததால்தான்.

இப்போது வரும் மூன்றாம் ஆண்டு மாணவி நல்ல பெண், உழைப்பாளி. ஆனால் எதிரே இரட்டை பிளாக் நிற்கும்போது பிளாக்கின் வெளிக்கையில் அடித்துப் பந்தை வெளியே தள்ளும் பழக்கம் அவரிடம் இன்னும் வரவில்லை. பயந்து மெதுவாகத் தட்டிவிடுகிறார். அரையிறுதியே கடினம் என்றுதான் சொல்வேன்.

ஒரு யோசனை. சர்வீஸ் நம் கைக்கு வரும்போதெல்லாம் ஆறு பேரும் ஓரிடம் சுழன்று நகர்கிறோம். அப்படிச் செட்டர் முன்வரிசைக்கு வரும் மூன்று சுழற்சிகளில் நமக்கு அட்டாக்கர்கள் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். முதலாண்டில் வந்தவர்களில் ஒருவர் செட்டர் என்று கேள்விப்பட்டேன். இரண்டு செட்டர்களை வைத்து ஆறு-இரண்டு முறை ஆடினால் என்ன? எப்போதும் பின்வரிசைச் செட்டர் வந்து கொடுப்பார், முன்வரிசையில் எப்போதும் மூன்று பேர் அடிப்பார்கள். ஒரு பெரிய ஆள் இல்லாத குறையை மூன்று நடுத்தர ஆட்கள் நிரப்பலாம்.

நடுவர் மேசை

ஆறு-இரண்டு பற்றி ஒரு விளக்கம், ஏனென்றால் தொலைக்காட்சியில் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களைப் பார்த்துவிட்டுப் பலர் இதைக் கேட்கிறார்கள். அங்கே பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் ஒரு செட்டுக்கு 15 மாற்றுகள் உண்டு. அதனால் செட்டர் முன்வரிசைக்கு வந்ததும் அவரை எடுத்துவிட்டு அட்டாக்கரை இறக்குவது, பின்வரிசைக்குப் போனதும் மீண்டும் மாற்றுவது என்று செட் முழுக்கச் செய்ய முடிகிறது.

நாம் ஆடுவது உலகக் கூட்டமைப்பின் விதிப்படி. ஒரு செட்டுக்கு 6 மாற்றுகள் மட்டுமே. அதிலும் தொடக்க ஆட்டக்காரர் ஒருமுறை வெளியே போய் ஒருமுறை திரும்பி வரலாம், தன் பழைய இடத்துக்கு மட்டும். செட்டரையும் யுனிவர்சலையும் சேர்த்து மாற்றினால் இரண்டு மாற்று போய்விடும். திரும்பக் கொண்டுவர இன்னும் இரண்டு. ஆக, அந்த வித்தையை ஒரு செட்டில் ஒரே ஒரு முறை செய்யலாம், கையில் மீதம் இரண்டு இருக்கும். செட் முழுக்க ஆறு-இரண்டு ஆட வேண்டுமென்றால் இரண்டு செட்டர்களும் முன்வரிசையில் நின்று அடிக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். நம் செட்டர் அடிப்பாரா?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2025 முதல் நடைமுறையில் இருக்கும் விதிகளில், சர்வீஸ் போடும் அணி அந்த நேரத்தில் எந்த இடத்திலும் நிற்கலாம், சுழற்சி வரிசையை மட்டும் காத்தால் போதும். சர்வீஸ் எடுக்கும் அணிக்கு அந்தச் சலுகை இல்லை. சர்வீஸ் அடிக்கப்படும் நொடியில் ஒவ்வொருவரும் தன் முன்பின், இடவல வரிசையில் நிற்கவேண்டும். ஆக, அவர்களுடைய தடுப்பு முன்பைவிட வேகமாகத் தயாராகிவிடும். பழைய லிபரோ சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு. எடுப்பவர்கள் மீதுதான் சுமை கூடியிருக்கிறது.

எண்ணேடு

சென்ற சீசன் முழுக்க நான் ஒரு குறிப்பேட்டில் சர்வீஸ் எடுப்பதை மட்டும் குறித்து வைத்தேன். பந்து செட்டரின் தலைக்கு மேல் வலையோரம் வந்து, நடுவில் பிளாக்கருக்குக் குயிக், அதாவது தாழ்வான வேகப் பந்து, கொடுக்க முடிந்தால் 3. செட்டர் ஓரிரு அடி நகர வேண்டியிருந்து, ஓரங்களுக்கு மட்டும் கொடுக்க முடிந்தால் 2. யாரோ ஒருவர் உயரத் தூக்கிப்போடத்தான் முடியும் என்றால் 1. எதிரணிக்கு நேர்ப் புள்ளியானால் 0. பல பயிற்சியாளர்கள் பயன்படுத்தும் அளவுதான் இது.

சராசரியை மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒருவர் ஆறு பந்தையும் 2, 2, 2, 2, 2, 2 என்று எடுக்கிறார். இன்னொருவர் 3, 3, 3, 3, 0, 0 என்று எடுக்கிறார். இருவருக்கும் சராசரி 2 தான். ஆனால் எதிரணிக்கு நேரடியாக இரண்டு புள்ளிகளைக் கொடுத்தவர் ஒருவர், ஒன்றுகூடக் கொடுக்காதவர் ஒருவர். நம் மூத்த இடப்பக்க அட்டாக்கர் இந்த இரண்டாவது வகை. அழகாக எடுப்பார், எடுக்காதபோது அடியோடு விட்டுவிடுவார். அதுவும் ஒன்று விட்டால் அடுத்ததையும் விடுவார். நீங்கள் சொன்ன ஐந்தாவது செட்டும் அப்படித்தான் போனது.

எந்தச் சுழற்சியில் புள்ளிகள் கொத்துக் கொத்தாகப் போயின என்று பார்த்தேன். செட்டர் ஒன்றாம் இடத்தில், அதாவது வலப்பக்கப் பின்மூலையில் இருக்கும் சுழற்சி. அதற்குக் காரணம் உண்டு. அப்போது யுனிவர்சல் நான்காம் இடத்தில், இடப்பக்கம் நிற்கிறார். இடப்பக்க அட்டாக்கர் இரண்டாம் இடத்தில், வலப்பக்கம் நிற்கிறார். இருவருமே பழகாத பக்கத்திலிருந்து அடிக்க வேண்டும். செட்டர் பின்மூலையிலிருந்து வலைக்கு ஓடிவர வேண்டும். பாஸ் ஒரு மீட்டர் விலகினாலும் எல்லாம் குலைந்துவிடும்.

போன யுனிவர்சல் இடப்பக்கத்திலிருந்தும் அதே பலத்தோடு அடிப்பார். புதியவர் அங்கிருந்து ஆட்டத்தில் அடித்து நான் பார்த்ததில்லை. வலையோரம் அவர்களின் கவலை நியாயமானது. ஆனால் அது ஆறு சுழற்சிகளிலும் இருக்கும் கவலை அல்ல, இந்த ஒன்றில் இருக்கும் கவலை.

வலையோரம்

எண்ணேடு, இது எனக்குத் தெரியாத செய்தி. அந்தச் சுழற்சியில் மட்டும் திணறுகிறோம் என்றால், வேறு சுழற்சியில் தொடங்கலாமே? செட்டரை ஒன்றாம் இடத்தில் வைத்துத்தான் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

ஆறு-இரண்டு யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நம் செட்டர் முன்வரிசையில் அடிக்கமாட்டார்.

எண்ணேடு

தொடங்கலாம். எதிரணியின் வலிமையான சர்வீஸ்காரர் நம்முடைய எந்தச் சுழற்சிக்கு எதிரே வருகிறார் என்பதைத் தொடக்க வரிசையை நகர்த்தி ஓரளவு தீர்மானிக்கலாம். இரண்டு அணிகளும் சுழல்வதால் அந்தப் பொருத்தம் செட் முழுக்கப் பெரும்பாலும் அப்படியே நீடிக்கும். ஆனால் அவர்களும் தங்கள் வரிசையை நகர்த்துவார்கள். ஒவ்வொரு செட்டுக்கும் முன்பு தொடக்க வரிசையை எழுதிய அட்டையைக் கொடுக்கும் நேரத்தில் அது ஒரு ஊகம்தான். ஊகத்தை நம்பி ஒரு சீசனை ஆட முடியாது.

முதலாண்டு மாணவியின் தாய்

வணக்கம். இங்கே எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். "நல்ல உயரம்" என்று முதல் பதிவில் குறிப்பிட்டிருப்பது என் மகளைத்தான்.

எல்லோரும் அவளிடம் அன்பாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் போகிற இடமெல்லாம் "நீதான் இனி" என்கிறார்கள். அவளுக்குப் பதினெட்டு வயது. பள்ளியில் வாரத்துக்கு மூன்று நாள் ஆடியவள். இங்கே வந்த முதல் மாதத்திலேயே தினமும் குதிக்கிறாள். இரவில் முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்று சொல்கிறாள், மறுநாள் பயிற்சியில் அதை மறைக்கிறாள். இடம் போய்விடுமோ என்று பயம்.

நான் ஆட்டக்காரி அல்ல. பாஸ், சுழற்சி என்று நீங்கள் எழுதுவதில் பாதி எனக்குப் புரியவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவளை அவசரமாக முன்னால் தள்ளாமல் இந்த அணி ஒரு சீசனைக் கடக்க முடியுமா?

முன்னாள் பயிற்சியாளர்

அம்மா, நீங்கள் எழுதியது நல்லது. முதலில் உங்களுக்குப் பதில், மற்றவர்களுக்குப் பிறகு.

முழங்கால் சில்லுக்குக் கீழே வரும் வலி, குதிக்கும் ஆட்டக்காரர்களுக்கு மிகப் பரவலாக வருவது. சில்லையும் கீழ்க்காலையும் இணைக்கும் தசைநாண் சுமை தாங்காமல் புண்படுகிறது. திடீரென்று குதிக்கும் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் பெரும்பாலும் காரணம். மறைத்து ஆடினால் நாள்பட்ட வலியாகிவிடும். இன்றே பயிற்சியாளரிடம் சொல்லச் சொல்லுங்கள், விளையாட்டு மருத்துவம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். இடம் போகாது. ஆரம்பத்தில் சொன்னவர்கள் சில வாரம் சுமை குறைத்து ஆடினார்கள். மறைத்தவர்கள்தான் சீசனையே இழந்தார்கள், என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. குதித்து இறங்குவதும் சட்டெனத் திரும்புவதும் உள்ள ஆட்டங்களில் முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் நேர்கிறது. அது கிழிந்தால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மைதானத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமோ அதற்கு மேலோ ஆகும். ஆனால் இறங்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தால் இந்த ஆபத்து குறைகிறது. இரண்டு காலிலும் இறங்க வேண்டும், முழங்கால் உள்பக்கம் சாயக்கூடாது, இடுப்பும் முழங்காலும் மடிய வேண்டும். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் பதினைந்து நிமிடம் இதற்கு ஒதுக்காத அணி உயரமான பெண்களைத் தேடிச் சேர்ப்பதில் அர்த்தமே இல்லை.

இனி மற்றவர்களுக்கு. பிளாக்கர் என்பது உயரத்தால் மட்டும் ஆகிற காரியம் இல்லை. எதிரணிச் செட்டரின் தோளையும் கையையும் படித்து, பந்து எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்த பிறகு நகர்ந்து, ஓரத்து ஆளோடு இடைவெளி விடாமல் சேர்ந்து எழ வேண்டும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஊகித்துக் குதித்துவிடுவார்கள். அந்தக் கண் பழக ஒரு சீசன் ஆகும். ஆகையால் அந்த முதலாண்டுப் பெண் இந்த ஆண்டு ஒரு செட்டில் பாதி ஆடினால் போதும். வலை 2.24 மீட்டர்தான், நம் இளைய பிளாக்கரின் கை அதற்கு மேல் நன்றாகவே வருகிறது. அவரை முதல் ஆளாக வைத்து ஆடலாம்.

பாஸ் பற்றி. புளோட் சர்வீஸ் ஏன் தொல்லை தருகிறது? பந்து சுழலாமல் வருகிறது. சுழலாத பந்தின் மேல் காற்று சீராக ஓடாமல், தையல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்ப மாறி மாறிப் பிரிகிறது. அதனால் பந்து கடைசி நேரத்தில் விலகும், அல்லது திடீரென்று தாழும். கோட்டிலிருந்து கோட்டுக்கு 18 மீட்டர் நீளமுள்ள களத்தில், எடுப்பவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு நொடி. கால் நகர்ந்து முடிந்து, கை தளமாக ஆன பிறகு பந்து வர வேண்டும். நம் பெண்கள் கையை நீட்டிக்கொண்டே ஓடுகிறார்கள். இதுதான் குறை. இது திருத்தக் கூடிய குறை.

உயரம் இல்லாமல் என்ன செய்ய முடியும் என்பவர்களுக்கு ஜப்பானைப் பார்க்கச் சொல்வேன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியின் செட்டர் யோஷியே டகேஷிடாவின் உயரம் 159 சென்டிமீட்டர். அந்த அணியின் பிழைப்பு முழுக்க சர்வீஸ் எடுப்பதிலும் தரையில் விழவிடாமல் காப்பதிலும்தான் இருந்தது.

மூன்றாம் மணி

ஜப்பான் உதாரணம் ஒவ்வொரு ஆண்டும் வருகிறது, ஐயா. மதிப்போடுதான் மறுக்கிறேன். 1964 டோக்கியோவில் சோவியத் அணியை 3-0 என வென்று தங்கம் வாங்கிய ஜப்பான் பெண்கள் யார்? பெரும்பாலோர் ஒரு துணி ஆலையின் அணியில் இருந்தவர்கள். பகலில் வேலை, அதன் பிறகு இரவு வெகுநேரம் வரை ஹிரோபூமி டைமாட்சுவின் பயிற்சி. விழுந்து உருண்டு எழுந்து பந்தெடுக்கும் கலையை உலகம் அவர்களிடம் கற்றது உண்மை. ஆனால் அந்த விலையை நம் பெண்கள் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். இவர்கள் மாலை வகுப்பு முடிந்து ஆய்வகத்திலிருந்து ஓடி வருகிறார்கள். கிடைப்பது இரண்டு மணி நேரம். அதில் பதினைந்து நிமிடம் இறங்கும் பயிற்சி, அடிக்கும் பயிற்சி, பிளாக் பயிற்சி. சர்வீஸ் எடுப்பதற்கு என்ன மிச்சம்?

பழைய லிபரோ

அதே கேள்வியைத்தான் நானும் கேட்கிறேன். இரண்டு மணி நேரத்தில் நேரம் எங்கே போகிறது? வரிசையில் நின்று ஒவ்வொருவராக ஓடிவந்து அடிக்கும் பயிற்சிக்குப் பாதி நேரம் போகிறது. எதிரே பிளாக் இல்லை, பாஸ் இல்லை, பயிற்சியாளர் கையால் தூக்கிப் போடும் பந்து. பார்க்க அழகாக இருக்கும். ஆட்டத்தில் அப்படி ஒரு பந்து வரவே வராது. அதற்குப் பதில் ஒருவர் சர்வீஸ் போட, மூவர் எடுக்க, செட்டர் கொடுக்க, அட்டாக்கர் அடிக்கட்டும். ஒரே பந்தில் நால்வகைப் பயிற்சியும் முடிந்துவிடும்.

ஜப்பானை விட்டுவிடுவோம். 2023 ஆகஸ்ட் 30 அன்று நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க 92,003 பேர் ஒரு கால்பந்து மைதானத்தில் கூடினார்கள், நினைவிருக்கிறதா? அந்தச் சீசனில் அந்த அணி இறுதிப்போட்டிக்கு வரும்வரை ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தோற்றது. இறுதியில் டெக்சாஸ் அவர்களை 25-22, 25-14, 25-11 என்று சாய்த்தது. எப்படி? சர்வீஸால். அந்த ஒரே ஆட்டத்தில் 12 ஏஸ், அதாவது சர்வீஸிலேயே நேர்ப் புள்ளி. நாட்டிலேயே சிறந்த தற்காப்பு என்று பெயர் வாங்கிய அணி நெப்ராஸ்கா. எடுக்கும் கை ஒரு மாலை தடுமாறினால் அட்டாக்கர் எத்தனை உயரமாக இருந்தும் அவரிடம் பந்து போய்ச் சேராது.

இனி என் கதையைச் சொல்கிறேன். இதுவரை இதை எங்கும் எழுதியதில்லை.

நான் கடைசி ஆண்டு ஆடிய ஒரு முக்கியமான ஆட்டத்தில், நான்காவது செட்டில், எதிரணி என்னைக் குறிவைத்தது. லிபரோவையே குறிவைப்பது வழக்கமில்லை. அவர்கள் எனக்கும் ஐந்தாம் இடத்தில் நின்றவளுக்கும் நடுவே போட்டார்கள். முதல் பந்து, இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டாவது, இருவரும் போனோம், மோதிக்கொண்டோம். மூன்றாவதை நான் எடுத்தேன், மேற்கூரை நோக்கிப் போனது. அன்றைய பயிற்சியாளர் ஓரத்தில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தினார். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை, பெயரை மட்டும் கத்தினார். எனக்குக் காது அடைத்துவிட்டது. கை மரம்போல் ஆகிவிட்டது. நான்காவது பந்து என் மார்பில் பட்டு விழுந்தது.

அப்போது எங்கள் தலைவி என்னிடம் வந்தாள். தைரியமாக இரு என்றெல்லாம் சொல்லவில்லை. "நடுவில் வருவது எல்லாம் உனக்கு. நான் கோட்டுப் பக்கம் அரை அடி நகர்ந்துகொள்கிறேன். பந்து வலையைத் தாண்டும் முன்பே 'என்' என்று சொல்" என்றாள். அவ்வளவுதான். ஐந்தாவது பந்தும் நடுவில்தான் வந்தது. "என்" என்று கத்தினேன். பந்து செட்டரின் தலைக்குப் போனது.

அந்தச் செட்டைத் தோற்றோம், ஆட்டத்தையும் தோற்றோம். ஆனால் அன்றைக்குப் பிறகு எனக்கு ஒன்று தெரிந்தது. கை தடுமாறுவது கையால் வருவதில்லை. யாருடைய பந்து என்ற சந்தேகத்தில் கால் நகர மறுக்கிறது, கால் நகராதபோது கை தடுமாறுகிறது. சென்ற சீசனின் ஐந்தாவது செட்டில் அந்த இரண்டாவது பந்து விழுந்ததைப் பார்த்தபோது நான் இருக்கையிலிருந்து எழுந்தே விட்டேன். இருவரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வலையோரம்

அக்கா, அந்த ஆட்டத்தை நான் பார்வையாளர் பக்கத்திலிருந்து பார்த்தேன். பள்ளி மாணவி அப்போது. நீங்கள் அழாமல் ஆடியதைப் பார்த்துத்தான் இந்தக் கல்லூரியில் சேர்ந்தேன். இப்போதுதான் சொல்கிறேன்.

நடுவர் மேசை

ஒரு சிறு சேர்க்கை. நெருக்கடியில் ஓய்வு நேரம் கேட்கலாம், செட்டுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 30 நொடி. சென்ற சீசனின் அந்தக் கடைசிச் செட்டில் மூன்று பந்து போகும்வரை நம் பக்கம் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. மேசையில் உட்கார்ந்து நான் அதைக் குறித்துக்கொண்டிருந்தேன். என் வேலை குறிப்பது மட்டும்.

செட்டர், இரண்டாம் ஆண்டு

வணக்கம் அக்காமார்களே, ஐயா, அம்மா. நான் இந்த அணியின் செட்டர். நீங்கள் எழுதுவதை நாங்கள் எல்லோரும் படிக்கிறோம். இதுவரை எழுதக் கூச்சமாக இருந்தது.

அந்த ஐந்தாவது செட்டைப் பற்றி. மூன்றாவது பந்தில் யுனிவர்சல் அக்காவுக்குத் தூக்கிப் போட்டது நான். அவருக்கு எதிரே இரண்டு பேர் நிற்கிறார்கள் என்று தெரிந்தேதான் போட்டேன். அந்தப் பாஸிலும் வலப்பக்கம் திருப்பிக் கொடுக்க வழி இருந்தது. பயத்தில் பழகிய ஆளுக்கே கொடுத்துவிட்டேன். தோல்விக்குப் பிறகு அக்கா என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கடிந்து சொல்லவில்லை. அதுவே எனக்கு அதிகமாக வலித்தது. அவரையே நம்பி ஆடியதில் மற்றவர்களுக்குக் கொடுக்க நான் கற்றுக்கொள்ளவே இல்லை. இந்த ஆண்டு கற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

இப்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். மூத்த இடப்பக்க அட்டாக்கர் அக்காதான் இந்த ஆண்டு தலைவி. அவர் தாமாகவே கேட்டுக்கொண்டதால், கடினமான அந்தச் சுழற்சியில் நான்கு பேர் சேர்ந்து எடுக்கிறோம். புதிய யுனிவர்சல் அக்காவும் பின்னால் இறங்கி நிற்கிறார். அதனால் தலைவிக்குக் காக்க வேண்டிய இடம் குறைந்திருக்கிறது. ஆனால் யுனிவர்சல் அக்கா எடுத்துவிட்டு அடிக்க ஓடுவது தாமதமாகிறது. அது இன்னும் சரியாகவில்லை.

முதலாண்டுத் தங்கை தன் முழங்கால் வலியை நேற்று பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டாள். அம்மா, கவலைப்படாதீர்கள். இந்த வாரம் அவள் குதிக்கவில்லை. ஓரத்தில் நின்று எதிரணிச் செட்டரின் கையைப் பார்த்து "இடம்", "வலம்" என்று கத்துவதுதான் அவள் வேலை. பத்தில் ஏழெட்டுச் சரியாகச் சொல்கிறாள்.

எங்களுக்கு ஒரு குறை உண்டு. எங்களுக்குச் சர்வீஸ் போட ஆள் இல்லை. நாங்களே ஒருவருக்கொருவர் போட்டால், போடுபவள் எங்கே போடுவாள் என்று எடுப்பவளுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆண்கள் அணியினர் உதவிக்கு வந்தார்கள். அவர்கள் 2.43 மீட்டர் வலைக்குப் பழகியவர்கள், பந்து வேறு கோணத்தில் வருகிறது. பெரும்பாலும் ஜம்ப் சர்வீஸ்தான் போடுகிறார்கள். பெண்கள் போட்டியில் எங்களை வதைப்பது புளோட். அது தெரிந்தவர்கள் யாராவது வருவீர்களா? சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்குகிறோம்.

முதலாண்டு மாணவியின் தாய்

நன்றி, மகளே. என்னிடம் அவள் இதைச் சொல்லவே இல்லை. இன்று மாலை கேட்கிறேன்.

வலையோரம்

நான் வருகிறேன். என் சர்வீஸ் புளோட்தான், தோள் இன்னும் நன்றாக இருக்கிறது. புதிய யுனிவர்சலிடமும் அரை மணி நேரம் பேச வேண்டும். பிளாக்கின் வெளிக்கையில் அடித்துத் தள்ளுவது சொல்லிக் கொடுக்கக் கூடியதுதான், எனக்கும் ஒருவர் சொல்லிக் கொடுத்ததுதான். இடப்பக்கத்தில் அவரை நிறுத்தி, எதிரே மேசை மேல் நின்று நான் கையை நீட்டிக்கொள்கிறேன். அவர் அடிக்கட்டும்.

அரையிறுதி கடினம் என்று எழுதியதை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் சனிக்கிழமை பார்த்த பிறகு எழுதுகிறேன்.

மூன்றாம் மணி

நானும் வருகிறேன். எனக்குத் தெரிந்து இந்த நகரத்தில் நம் பழைய ஆட்டக்காரர்கள் இன்னும் மூவர் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கிறேன். ஐந்து பேர் ஆளுக்கு இருபது சர்வீஸ் போட்டாலும் நூறு ஆகிறது. வாரத்துக்கு நூறு புது ஆள் சர்வீஸ் கிடைத்தால் இரண்டு மணி நேரப் பயிற்சி என்று நான் புலம்பியதற்கு அது ஒரு பதில்.

எண்ணேடு

குறிப்பேட்டோடு வருகிறேன். ஆளுக்கொரு பக்கம் போடுகிறேன். சராசரி எழுதமாட்டேன், 0 எத்தனை என்று மட்டும் எழுதுகிறேன். செட்டர், உங்களுக்கும் தனிப் பக்கம் உண்டு. பாஸ் 2 ஆக வரும்போது பந்தை எந்தப் பக்கம் கொடுக்கிறீர்கள் என்று குறிக்கப் போகிறேன்.

செட்டர், இரண்டாம் ஆண்டு

குறியுங்கள் அக்கா. எனக்கும் அது வேண்டும்.

முன்னாள் பயிற்சியாளர்

வருபவர்கள் ஒரே இடத்திலிருந்து போடாதீர்கள். பின்கோட்டின் 9 மீட்டர் அகலத்திலும் நகர்ந்து நின்று போடுங்கள், சில பந்தைக் கோட்டிலிருந்து மூன்று நான்கு அடி பின்னால் தள்ளி நின்றும் போடுங்கள். முதல் பத்துப் பந்துக்குப் பெண்கள் பதறுவார்கள், அப்போது யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். அவர்களே ஒருவருக்கொருவர் பேச ஆரம்பிக்கும்வரை காத்திருங்கள்.

பழைய லிபரோ

நான் ஆறரைக்கே வந்துவிடுகிறேன். செட்டர், கிட்டங்கியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். சென்ற முறை வந்தபோது பந்துகள் பாதி காற்றிறங்கிக் கிடந்தன. தளர்ந்த பந்து புளோட் சர்வீஸில் விலகுவதே வேறு மாதிரி இருக்கும், அதில் பழகினால் வீண். விதியில் சொன்ன காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ. என்னிடம் அளவுமானி இருக்கிறது, கொண்டு வருகிறேன். உங்கள் தலைவியிடம் ஒன்று சொல்லுங்கள்: நடுவில் வரும் பந்து யாருடையது என்று சனிக்கிழமைக்கு முன்பே லிபரோவும் அவரும் பேசி முடிவு செய்திருக்க வேண்டும். நான் போடும் முதல் பந்து அங்கேதான் வரும்.